முதல் டோஸுக்கு முன்னால் யாராவது கேட்டார்களா?

நான் மருத்துவமனை மருந்தாளுநர். மருந்துகளால் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம் என்ற தகவல் நோயாளிக்கு எப்போது, யார் வழியாகப் போய்ச் சேருகிறது என்று ஓர் ஆய்வும் செய்துவருகிறேன். இதில் நான் இறங்கியதற்கு ஒரே ஒருவர்தான் காரணம். அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்திருந்த இளைஞர். வாந்தி வராமலிருக்க எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்க வந்தார். எப்போது போட வேண்டும், எத்தனை நாள் என்றெல்லாம் சொல்லி முடித்தேன். போகாமல் நின்றார். "இதெல்லாம் போட்டுக்கிட்டா பின்னாடி குழந்தை பிறக்குமா?" என்று கேட்டார். சீட்டைப் பார்த்தேன். சைக்ளோஃபாஸ்ஃபமைடு இருந்தது. முதல் சுற்று முந்தின நாளே ஏறிவிட்டது.

விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும் இடத்தை அதிகம் தாக்கும் மருந்துகளில் அது ஒன்று. மொத்த அளவு கூடக் கூடப் பாதிப்பும் கூடும். ஆனால் ஓர் ஆண் முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்து வைப்பது பெரிய காரியமே இல்லை. ஓரிரு நாளில் மாதிரி கொடுத்துவிட்டால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதைக் கீமோவுக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒரு சுற்று ஏறிய பிறகு விந்தணுவின் மரபுப்பொருளே சிதைந்திருக்கலாம் என்பதால், அப்போது சேமிப்பதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

சிகிச்சைப் பிரிவில் விசாரித்தேன். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் இது பற்றி ஒரு வரி இருந்தது. அவரிடம் கேட்டபோது, "டாக்டர் நிறைய சொன்னாங்க. பிழைப்பேனா மாட்டேனாங்கறது மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு" என்றார். ஆக, எங்கள் கணக்கில் சொல்லியாகிவிட்டது, அவருக்கு வந்து சேரவில்லை. சிகிச்சைக்கு முன்பே, முடிந்த அளவு சீக்கிரம் இதைப் பேசிவிட வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2006-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதலுக்கும் எங்கள் கவுன்ட்டருக்கும் நடுவில் எங்கேயோ அது நின்றுவிட்டது.

உங்களுக்கு எப்படி நடந்தது? நல்லபடியாக நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

*

எனக்கு நல்லபடியாகத்தான் நடந்தது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். 31 வயதில் மார்பகப் புற்றுநோய். முடிவு கையில் வந்த அன்றே ஒரு செவிலியர் என்னைத் தனியே உட்காரவைத்து, "குழந்தை பற்றி ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். கோபம் வந்தது. உயிரே ஊசலாடும்போது இது ஒரு கேள்வியா என்று. இப்போது நினைத்தால் அந்த வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிக முக்கியமான கேள்வி அதுதான்.

கருமுட்டை சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் போதும் என்றார்கள். முன்பு மாதவிலக்கு வரும்வரை காத்திருப்பார்களாம். இப்போது சுழற்சியின் எந்த நாளிலும் ஊசியை ஆரம்பிக்கலாம். தினமும் ஊசி, இடையிடையே ஸ்கேன். கூடவே லெட்ரோசோல் மாத்திரை.

அந்த மாத்திரைதான் எங்கள் வீட்டில் பெரிய கலவரத்தைக் கிளப்பியது. பெட்டியிலிருந்த தாளைப் படித்தேன். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கான மருந்து என்று போட்டிருந்தது. எனக்கோ 31 வயது. மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டி, அன்றைய மாத்திரையைப் போடாமல் மருந்தகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாக விளக்கினார். முட்டைகளை வளர்க்கும் ஊசியால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறும், என் கட்டியோ ஈஸ்ட்ரோஜனை உண்டு வளரும் வகை. லெட்ரோசோல் அந்த ஏற்றத்தை அடக்கி வைக்கிறது. தாளில் அச்சிட்டிருப்பது வேறு பயன்பாட்டுக்கான விவரம். இதை மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் அந்த இரவு நான் அழுதிருக்க மாட்டேன்.

அதே போனில் ஊசிகளை எங்கே வைத்திருக்கிறேன் என்றும் கேட்டார். ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டினாற்போல வைத்திருந்தேன். நடுத்தட்டுக்கு மாற்றச் சொன்னார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாதாம். கடைசி ஊசிக்கு இரண்டு அலாரம் வைக்கச் சொன்னதும் அவர்தான். அதைப் போட்டு சுமார் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுக்க வேண்டும், நேரம் தவறினால் இத்தனை நாள் பாடும் வீண்.

11 முட்டைகள் சேமிப்பில் உள்ளன. அதனால் குழந்தை உறுதி என்று யாரும் எனக்கு ஆசை காட்டவில்லை, அந்த நேர்மை பிடித்திருந்தது. இப்போது நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை மாத்திரையான டமாக்சிஃபென் 22-வது மாதம். அந்த மருந்தில் இருக்கும்போது கருத்தரிக்கக் கூடாது. 2023-ல் வெளியான 'பாசிட்டிவ்' ஆய்வில் 18 முதல் 30 மாதம் வரை ஹார்மோன் சிகிச்சை எடுத்த பெண்கள், குழந்தைக்காக அதிகபட்சம் இரண்டு ஆண்டு இடைவெளி விட்டார்கள். குறுகிய காலக் கணக்கில் நோய் திரும்புவது அதிகரிக்கவில்லை. நீண்ட காலத் தரவுக்காக அவர்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் இதைத்தான் பேசப்போகிறேன்.

*

எனக்குப் புற்றுநோய் இல்லை. பெருங்குடல் அழற்சி. குழந்தை இல்லை என்று ஓர் ஆண்டுக்கு மேல் அலைந்தோம், மனைவிக்குத்தான் எல்லாப் பரிசோதனையும். என் விந்தணு எண்ணிக்கை குறைவு என்று தெரிந்த பிறகும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. குடலுக்கான மாத்திரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சொல்லவில்லை. வழக்கமான சல்ஃபாசலசைன் வாங்கப் போனபோது, புதிதாக வந்திருந்த மருந்தாளுநர் பேச்சோடு பேச்சாகக் கேட்டு, விஷயத்தை உடைத்தார். அது விந்தணுவைக் குறைக்கும், மருந்தை மாற்றினால் திரும்பிவிடும் என்று. குடல் மருத்துவர் அதே நோய்க்கான மெசலமைன் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகுமாம். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் எண்ணிக்கை ஏறியிருந்தது. அந்த ஓர் ஆண்டும் என் மனைவி தன்னையே நொந்துகொண்டிருந்தாள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

*

வலிப்பு நோய்க்கு வால்புரோயேட் எடுத்தவள் நான். அம்மா வயிற்றில் இருக்கும்போது இந்த மருந்து சேர்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு வரலாம் என்று ஒரு நாள் இரவு படித்தேன். அன்றே நிறுத்திவிட்டேன். நான்காம் நாள் படிக்கட்டில் வலிப்பு வந்து விழுந்து தோள்பட்டை விலகியது. நரம்பியல் மருத்துவர் அதற்கப்புறம் பல வாரங்களில் படிப்படியாக லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றினார், ஃபோலிக் அமிலமும் சேர்த்தார். நான் படித்த தகவலில் பொய் இல்லை. ஆனால் "நீங்களாக நிறுத்தாதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்ற வரி அதே பெரிய எழுத்தில் அதன் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஆய்வு செய்பவர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*

குறித்துக்கொண்டேன். மிகவும் நன்றி. சல்ஃபாசலசைன் பற்றி எழுதியவருக்கு: தசை வளர்க்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்களிடமும் இதே கதைதான். ஆண்மைக்கான ஹார்மோன்தானே என்று நம்புகிறார்கள். வெளியிலிருந்து அது வந்தால் மூளை தன் உத்தரவை நிறுத்திக்கொள்ளும், விந்தணு உற்பத்தி அப்படியே படுத்துவிடும். இப்போதெல்லாம் நான் இளம் வயதினர் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்கிறேன்: "இப்போதோ பின்னாலோ குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா?" கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஆகவில்லை என்றதும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது.

*

எங்கள் மகளுக்கு அப்போது 8 வயது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் மருந்துகள் சினைப்பையை முடக்கிவிடும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். பருவமடையாத குழந்தைக்கு முட்டை எடுக்க முடியாது. சினைப்பைத் திசுவின் ஒரு பகுதியை எடுத்து உறையவைப்பது ஒன்றுதான் வழி. அப்படிச் சேமித்த திசுவைத் திரும்பப் பொருத்தி உலகின் முதல் குழந்தை பெல்ஜியத்தில் 2004-ல் பிறந்தது என்று மருத்துவர் சொன்னார். சம்மதித்தோம். அவளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. யாராவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.

*

மேலே கேட்ட அம்மாவுக்கு. என் விந்தணுவை 16 வயதில் சேமித்தார்கள், விரைக் கட்டிக்கு அறுவை செய்வதற்கு முன்னால். அப்பா வெளியே நின்றார், டாக்டர் என்னிடம் நேராகப் பேசினார். வெட்கமாக இருந்தது, ஆனால் என்னிடமே கேட்டார்கள் என்பது இன்றுவரை நினைவிருக்கிறது. தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா என்று ஆண்டுக்கு ஒருமுறை கடிதம் வரும். 18 வயது வரை அப்பா கையெழுத்துப் போட்டார். இந்த வருடக் கடிதம் போன வாரம் வந்தது. நானும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படித்து, நான் கையெழுத்துப் போட்டேன்.