ஜெர்மனியில் ரூட் கெனாலும் கேப்பும்: காப்பீடு உண்மையில் எவ்வளவு தரும்?

கேள்வி

வணக்கம். வேலை நிமித்தமாக அண்மையில் ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிவந்திருக்கிறேன். அரசு விதிகளின்படி இயங்கும் பொது மருத்துவக் காப்பீட்டில்தான் இருக்கிறேன். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் சூடான காபி பட்டாலே வலி காதுவரை ஏறுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், ரூட் கெனால் செய்து அதன்மேல் கேப் போட வேண்டும் என்று கூறி, 46 என்ற எண்ணிட்ட செலவுத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார். கேப்புக்குக் காப்பீடு 60 விழுக்காடு தரும் என்று நண்பர் சொல்கிறார். தாளிலோ பெரும்பகுதியை நானே கட்ட வேண்டும் என்றிருக்கிறது. கணக்கில் பிழையா? டிசம்பரில் மதுரைக்குப் போகும்போது அங்கேயே முடித்துக்கொள்ளலாமா?

பதில் (மியூனிக்கிலிருந்து)

கணக்கு சரியாகத்தான் இருக்கும். 46 என்பது விலை அன்று. வலப்பக்கக் கீழ்த்தாடையில் நடுவிலிருந்து ஆறாவது பல். 60 விழுக்காடு என்பது உங்கள் பில்லுக்கு அன்று, அந்தப் பல்லுக்கு விதிப்படி வகுத்துள்ள அடிப்படைச் சிகிச்சையின் செலவுக்கு. கீழ்த்தாடையில் நான்காவது பல் வரைதான் பல் நிறப் பூச்சு அந்த அடிப்படையில் சேரும். ஆறாவது பல்லுக்கு வெறும் உலோகக் கேப்தான் கணக்கு. பேச்சுக்கு, அடிப்படைச் செலவு 400 யூரோ என்றால் காப்பீடு தருவது 240. நீங்கள் 900 யூரோவுக்குப் பீங்கான் கேப் கேட்டாலும் அதே 240தான். மீதி 660 உங்கள் பொறுப்பு. திட்டத்தில் R (அடிப்படைச் சிகிச்சை) என்ற வரியில் K (கேப்) என்றும், TP (மருத்துவர் செய்யத் திட்டமிடுவது) என்ற வரியில் KM என்றும் இருந்தால், உங்களுக்கு எழுதியிருப்பது முழுப் பீங்கான் கேப் அல்லது முழுவதும் பீங்கான் பூசிய கேப். உலோகக் கேப் போட்டால் எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். வாயைத் திறந்து சிரித்தாலும் ஆறாவது பல்லை யார் பார்க்கப்போகிறார்கள்?

காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வருவதற்குமுன் கேப் வேலையைத் தொடங்க விடாதீர்கள். ரூட் கெனாலுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை என்பதால், வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் கடைவாய்ப்பல் என்றால், பல்வரிசை இடைவெளியின்றி நிலைக்கும் என்பது போன்ற நிபந்தனை பொருந்தினால்தான் அச்செலவைக் காப்பீடு ஏற்கும். நுண்ணோக்கி முதலியவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்பதுண்டு.

பதில் (பெர்லினிலிருந்து)

மதுரைக்குத் தள்ளிப்போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வலி தானாக அடங்கினால் நரம்பு செத்துவிட்டது என்றும் பொருள்படலாம். தொற்று அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். ரூட் கெனாலை இங்கே செய்து, கேப்பை மட்டும் ஊரில் போடுவதும் உண்டு; ஆனால் இடைப்பட்ட காலத்தில் கடித்துப் பல் பிளந்துபோகும் ஆபத்து இருக்கிறது. ஊரில் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்கு இங்குள்ள பொதுக் காப்பீட்டிடம் பணம் எதிர்பார்க்க முடியாது. இங்கே போடும் கேப்புக்கு மருத்துவர் 2 ஆண்டு பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம்.

கேட்டவர்

மிக்க நன்றி. தாளில் KM என்றுதான் இருக்கிறது. நண்பருக்கு 70 விழுக்காடு கிடைத்ததாமே, அது எப்படி?

பதில் (மியூனிக்கிலிருந்து)

அவர் 5 ஆண்டுகள் விடாமல் பல் பரிசோதனைக்குப் போய்ப் போனஸ் கையேட்டில் முத்திரை வாங்கியிருப்பார். 10 ஆண்டுகள் என்றால் 75. வருமானம் மிகக் குறைவானவர்களுக்கு அடிப்படைச் செலவு முழுவதும் கிடைக்க வழியுண்டு. கையேட்டை வரவேற்பு மேசையில் கேட்டால் இலவசமாகவே தருவார்கள்; இந்த ஆண்டு முத்திரையை இப்போதே வாங்கிவிடுங்கள்.