குவாட் பைக் செயின்: ஸ்டாண்டில் சரியாக இருக்கிறது, ஆள் உட்கார்ந்தால் டைட் ஆகிறது

மணல்மேடு:
ஷார்ஜா பக்கம் ஒரு பாலைவன கேம்ப்பில் வாடகை குவாட்களை (நாலு சக்கர பைக்) பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரில் பைக் ரிப்பேர் செய்திருக்கிறேன், குவாட் இப்போதுதான். வண்டி 400 சிசி, 520 சைஸ் ஓ-ரிங் செயின் (கண்ணிகளுக்கு நடுவே ரப்பர் வளையம் உள்ளது). மேனுவலில் லூஸ் (செயின் மேலும் கீழும் ஆடும் அளவு) 30 முதல் 40 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி 30 வைத்தேன். கீழே இறக்கி ஆள் ஏறினால் செயின் விறைத்துக்கொண்டு ‘ஙொய்ங்’ என்று கத்துகிறது. லூஸ் பண்ணினால் மணல்மேட்டில் குதிக்கும்போது கவரில் அடிக்கிறது. பைக்கில் உள்ளதுபோல இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் போல்ட் கிடையாது, வீல் அலைன்மென்ட்டை எப்படிப் பார்ப்பது?

பழைய இரும்பு:
வீலைச் சுற்றிச் சுற்றி அளந்தீர்களா? எல்லா இடத்திலும் ஒரே லூஸா?

மணல்மேடு:
இல்லை அண்ணா. ஒரு இடத்தில் 30, இன்னொரு இடத்தில் 45க்கு மேல் போகிறது.

ஆக்ஸில் அண்ணாச்சி:
தம்பி, இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது.

ஸ்டாண்டில் தூக்கினால் பின் சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும். ஆள் உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம், அதாவது பின் ஆக்ஸிலைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை, மேலே வரும். இன்ஜின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) நடு, ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகபட்ச டைட். அந்த நிலையிலும் கொஞ்சம் லூஸ் மிஞ்ச வேண்டும். கனமான ஆட்கள் இரண்டு பேரை உட்கார வைத்துப் பாருங்கள். வசதி இருந்தால் பின் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஆர்மைக் கையால் தூக்கிப் பார்ப்பது இன்னும் சுலபம். டைட்டாகவே ஓட்டினால் கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட் பேரிங்கும் ஆயில் சீலும் போய்விடும். அந்தச் செலவுக்குச் செயின் செலவு எவ்வளவோ தேவலை.

இடத்துக்கு இடம் லூஸ் மாறுகிறது என்றால் செயின் சீராகத் தேயவில்லை. 520 செயினில் ஒரு கண்ணி 15.875 மிமீ. செயினை இழுத்துப் பிடித்து, கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவிலிருந்து 20 கண்ணி தள்ளி அளந்தால் புதிதில் 317.5 வரும். 324 தாண்டினால் அட்ஜஸ்ட் பண்ணிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அலைன்மென்ட் கவலை வேண்டாம். ஆக்ஸில் ஒரே துண்டு, இரண்டு வீலும் சேர்ந்தே நகரும். ஸ்விங் ஆர்ம் முனையில் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் உருளையான பேரிங் ஹப்பில் ஆக்ஸில் துளை நடுவில் இருக்காது, ஒரு ஓரமாக இருக்கும். ஹப்பைப் பிடித்திருக்கும் போல்ட்களை லூஸ் செய்து ஹப்பைத் திருப்பினால் ஆக்ஸில் பின்னால் போகும். ஸ்ப்ராக்கெட் துளை வழியாக ஹப் துளையில் ஒரு கம்பியை நுழைத்து, வண்டியை மெதுவாக உருட்டினாலே திரும்பிவிடும். எந்தப் பக்கம் உருட்டினால் டைட் ஆகிறது என்று செயினைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

மணல்மேடு:
போல்ட்டை லூஸ் செய்தும் ஹப் அசையவே இல்லை.

ஆக்ஸில் அண்ணாச்சி:
இடுக்கில் மணல் இறுகியிருக்கும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். ஹப்பை இறுக்கிப் பிடிக்கும் ஆர்ம் முனையின் பிளவில் தட்டையான ஸ்க்ரூடிரைவரை லேசாகச் செருகி விரியுங்கள், மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். உளி வைத்து அடிக்காதீர்கள். திரும்பியபின் கழுவி, மெல்லிசாக கிரீஸ் தடவி, போல்ட்களை மாற்றி மாற்றி மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவு) முறுக்குங்கள். அளவு மீறினால் போல்ட் போகும் காது உடையும். ஹப்புக்கும் ஆர்முக்கும் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று போட்டுவிட்டால் தானாக நழுவியதா என்று தினமும் தெரியும்.

பழைய இரும்பு:
மணலில் கெட்டி கிரீஸ் பூசாதீர்கள், அது மணலைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி செயினைத் தின்றுவிடும். மண்ணெண்ணெய், மெல்லிய பிரஷ் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஓ-ரிங்கைக் கெடுக்கும். செயின் ஸ்பிரே அடித்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

மணல்மேடு:
அளந்தால் 326! செயின் செட் சொல்லியாயிற்று. ஹப்பும் இளகிவிட்டது. புது செயினுக்குக் கிளிப் லாக் (இரு முனையையும் இணைக்கும் கண்ணி, மேலே கிளிப்) வருகிறது, எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது?

ஆக்ஸில் அண்ணாச்சி:
கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால். லாக்கில் நான்கு ஓ-ரிங்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.