ஹைப்பர்டூஃபா சாடி விரலால் தேய்த்தாலே உதிர்கிறது, என்ன பிழை விட்டேன்?

வெள்ளவத்தைப் பல்கனி

வணக்கம். மூன்றாம் மாடி, கடல் பார்த்த பல்கனி. சீமெந்துச் சாடி என்றால் பாரம் கூடிவிடும் என்று வீட்டில் பயம். அதனால் சீமெந்தோடு பீற் மொஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி), பேர்லைற் (சூட்டில் பொரிந்த பாரமில்லாத எரிமலைக் கல்) கலந்து செய்யும், பாரம் குறைந்த ஹைப்பர்டூஃபாவில் இறங்கினேன். முதல் முறை.

பீற் மொஸ் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. தென்னை விளையும் நாட்டில் அதெல்லாம் எதற்கு என்று 650 கிராம் தும்புத்தூள் கட்டி இரண்டு வாங்கினேன். சீமெந்து ஹாட்வெயார் கடையில் சில்லறையாக ஐந்து கிலோ. பால்மா டின்னால் அளந்து சீமெந்து 3, தும்புத்தூள் நாலரை, பேர்லைற் நாலரை. கலக்கும்போது தண்ணீர் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு ஊற்றினேன் என்ற கணக்கே விட்டுப்போயிற்று.

ஒன்றைப் பழைய பேசினுக்குள்ளும் மற்றதை மீன் வரும் ரெஜிபோம் பெட்டிக்குள்ளும் ஒன்றரை அங்குலத் தடிப்பில் அப்பினேன். மறுநாள் கழற்றி நல்ல வெயிலில் வைத்தேன். இன்று நான்காம் நாள். விளிம்பைப் பெருவிரலால் தேய்த்தால் பழைய பிஸ்கட் மாதிரிக் கொட்டுகிறது. பேசின் சாடியைத் தூக்கும்போது காது போல ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. ரெஜிபோம் சாடியின் அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. என்ன பிழை?

கொட்டாஞ்சேனைத் தம்பி

சீமெந்துதான் அக்கா. சில்லறையாக விற்கிற சீமெந்து எத்தனை நாள் திறந்து கிடந்ததோ, காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்துப் பாதி செத்திருக்கும். அடுத்த முறை சீமெந்தை இரட்டிப்பாகப் போட்டு ஒரு கிழமை வெயிலில் காயவிடுங்கள்.

ஓய்வுபெற்ற மேசன்

தம்பி, வெயிலில் காயவிடச் சொல்லாதீர்கள். சீமெந்து காய்ந்து இறுகுகிற சாமான் இல்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் அது கல்லாகிறது. தண்ணீர் போய்விட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். கொங்கிறீட் போட்ட மறுநாள் சிலாப்புக்கு மேல் தண்ணீர் கட்டி விடுவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பல்கனியில் வெயிலோடு கடல் காற்றும் சேர்ந்திருக்கிறது, பிள்ளை. ஒன்றரை அங்குலச் சுவரில் இருந்த ஈரம் அன்று பின்னேரமே போயிருக்கும். அடிப்பக்கம் தப்பியதற்கும் அதுதான் காரணம், அங்கே ஈரம் கொஞ்சம் தங்கியிருக்கிறது.

சீமெந்தில் சந்தேகம் என்றால் இப்போதே பார்த்துவிடலாம். மிச்சம் இருக்கும்தானே? ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் மட்டும் விட்டு வடை மாதிரித் தட்டி ஈரத் துணியால் மூடி வையுங்கள். இரண்டு நாள் கழித்து ஆணியால் கீறுங்கள். பள்ளமாகக் கீறு விழுந்தால் சீமெந்து கெட்டது. வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் சீமெந்தில் குற்றம் இல்லை.

இன்னொரு கேள்வி. தும்புத்தூளை ஊறவைத்து அளந்தீர்களா, கட்டியாக இருக்கும்போதே அளந்தீர்களா?

வெள்ளவத்தைப் பல்கனி

காய்ந்த கட்டியைத் தேங்காய் திருவலையில் திருவித்தான் அளந்தேன், ஐயா. (அம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை.)

ஓய்வுபெற்ற மேசன்

அப்படிச் சொல்லுங்கள். 650 கிராம் கட்டி ஒன்று தண்ணீர் குடித்தால் எட்டு, ஒன்பது லீற்றருக்குப் பொங்கும். இரண்டு கட்டிக்குப் பதினாறு லீற்றர் என்று வையுங்கள். கலவைக்குள் முழுதாகப் பொங்க இடமில்லை என்றாலும், உங்கள் மூன்று டின் சீமெந்து மூன்று லீற்றர்கூட வராதே! சீமெந்துக்குப் போகவேண்டிய தண்ணீரைத் தும்பு குடித்திருக்கிறது, அதை ஈடுகட்ட நீங்கள் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறீர்கள். செய்தது சீமெந்துச் சாடி இல்லை, கொஞ்சம் சீமெந்து தூவிய தும்புச் சாடி.

தெஹிவளை அந்தூரியம்

கழுவினீர்களா என்பதையும் கேளுங்கள் அண்ணா. கட்டியை ஊறவைத்துப் பிழிந்தால் முதல் தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் வரும். அந்தச் சாயமும் தும்பில் உள்ள சீனிச் சத்தும் சீமெந்தை இறுக விடாது. நான் மூன்று, நான்கு தண்ணீர் மாற்றுவேன், நிறம் வெளுக்கும் வரைக்கும். பிறகு சீலையில் போட்டுப் பிழிந்துவிட்டுத்தான் அளப்பேன். மலிவுக் கட்டிகளில் உப்பும் இருக்கும், அது செடிக்கும் ஆகாது.

இந்தக் கலவை இங்கிலாந்தில் பிறந்தது. மாடு தண்ணீர் குடித்த பழைய கல் தொட்டிகளில் மலைச்செடி வளர்ப்பது அங்கே பிரபலமாகி, தொட்டிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதே தோற்றத்தில் இதைச் செய்தார்கள். டூஃபா என்பது ஓட்டை ஓட்டையான ஒரு சுண்ணாம்புக் கல். அவர்கள் பாவித்தது பீற். நாம் தும்புக்கு மாறினால் கழுவுகிற வேலையும் நம் தலையில்தான்.

வெள்ளவத்தைப் பல்கனி

கழுவவே இல்லை. இன்று ஒரு துண்டை வாளியில் போட்டுப் பார்த்தேன், பிளேன்டீ இல்லை, கோப்பி. சீமெந்து வடையை ஆணியால் கீறினேன், வெள்ளைக் கோடுதான். ஆகவே கடைக்காரர் நிரபராதி. தம்பி, அவரை மனதுக்குள் திட்டியதற்கு நாம் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

செய்த இரண்டையும் காப்பாற்ற வழி உண்டா?

ஓய்வுபெற்ற மேசன்

பேசினில் செய்ததை விட்டுவிடுங்கள். மற்றதை நன்றாக நனைத்து ஈரச் சாக்குச் சுற்றிப் பொலித்தீனால் மூடி, நிழலில் பத்து நாள் வையுங்கள். இறுகாமல் நின்ற சீமெந்து மிச்சம் இருந்தால் கொஞ்சம் தேறும். நிச்சயம் சொல்லமாட்டேன்.

புதிதாகச் செய்யும்போது உங்கள் 1, ஒன்றரை, ஒன்றரை கணக்கே போதும். சீமெந்தை இரட்டிப்பாக்கினால் பாரமும் கூடும், ஹைப்பர்டூஃபா செய்ததற்கே அர்த்தம் இல்லை. பதம் முக்கியம். புட்டுக்குக் குழைப்பதைவிடக் கொஞ்சம் ஈரம் கூட இருக்கவேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை உடையாமல் நிற்கவேண்டும், விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டுத்தான் வரவேண்டும். ஒழுகினால் கூடிவிட்டது. சுவர் இரண்டு அங்குலம், மூலைகளை இன்னும் தடிப்பாக அப்பி நன்றாகக் குத்தி இறுக்குங்கள். அடியில் தண்ணீர் போக ஒரு பீ.வீ.சீ. குழாய்த் துண்டை இப்போதே நட்டுவிடுங்கள், பிறகு துளைக்கப் போனால் வெடிக்கும். பொலித்தீனால் மூடி ஒன்றரை நாள் கழித்துக் கழற்றுங்கள். அப்போது நகம் லேசாகப் பதியும். கம்பித் தூரிகையால் தேய்த்துக் கல் மாதிரிச் சொரசொரப்பாக்க அதுதான் நேரம். பிறகு திரும்பவும் மூடி மூன்று, நான்கு கிழமை நிழலில்.

கையுறை போடுங்கள். ஈரச் சீமெந்து தோலை அரிக்கும், என் விரல் நுனிகளைப் பார்த்தால் தெரியும். தூளைக் கொட்டும்போது மாஸ்க்கும் வேண்டும்.

தெஹிவளை அந்தூரியம்

இறுகியதும் அவசரப்பட்டு நடாதீர்கள். என் முதல் சாடியில் பத்தாம் நாளே அந்தூரியம் வைத்தேன். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சீமெந்துச் சுண்ணாம்பால் மண்ணின் காரத்தன்மை ஏறினால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. நான்கு கிழமை முடிந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி ஒரு கிழமையாவது கழுவுங்கள். மழை பெய்தால் கவிழ்த்து வெளியே வையுங்கள், இலவச வேலைக்காரன்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் நிரப்பி மறந்துவிடாதீர்கள், நுளம்பு முட்டை போட்டுவிடும். சாடியின் பீ.எச். (காரத்தன்மை அளவு) பார்ப்பதற்கு முன் பீ.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்து நின்றால் டெங்கு வழக்கு வேறு.

வெள்ளவத்தைப் பல்கனி (ஐந்து கிழமைக்குப் பிறகு)

சாக்குச் சுற்றிய பழைய சாடியின் விளிம்பு முழுதும் போய்விட்டது, ஆனால் அடிப்பக்கம் இறுகிவிட்டது. ஆழமில்லாத தட்டு மாதிரி இருக்கிறது, கழுவிவிட்டுக் கற்றாழைக் குட்டிகளுக்கு வைக்கலாம். புதிதாகச் செய்த சாடியை நேற்று ஆணியால் கீறினேன். வெள்ளைக் கோடு! தட்டினால் டங் என்கிறது. ஒரு கையால் தூக்க முடிகிறது, வீட்டில் இப்போது பாரக் கதையே இல்லை. வெளியே வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, கெடுதலா?

ஓய்வுபெற்ற மேசன்

சுண்ணாம்பு வெளியே வந்து காய்ந்தது. தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள், அதற்கும் போகாவிட்டால் கொஞ்சம் வினாகிரி. திரும்பவும் பூக்கும், இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டு நின்றுவிடும்.

வெள்ளவத்தைப் பல்கனி

நன்றி ஐயா, நன்றி அக்கா. இன்று முதல் தண்ணீர் நிரப்பினேன், நாளைக் காலை மாற்ற ஃபோனில் அலாரமும் வைத்தாயிற்று. அம்மா நேற்று புறக்கோட்டையில் புதுத் திருவலை வாங்கி வந்துவிட்டார். பழையது பல்கனியில்.