வலிப்பு வராத தம்பிக்கு இ.இ.ஜி.யில் 'கூர் அலைகள்': மாத்திரை தேவையா?

குடியாத்தம் வாசகி:
கத்திரி வெயிலில், வேலூர்க் கோட்டைக் கோயில் வாசலில் காலைச் சிற்றுண்டிகூட உண்ணாமல் நின்றிருந்த என் தம்பி (வயது 34), கண் இருட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே சரிந்தான். கைகள் இரண்டு முறை வெட்டின. முகத்தில் தண்ணீர் தெளிப்பதற்குள் எழுந்து, செருப்பு எங்கே என்று கேட்டான். ஒரு மருத்துவமனையில் இ.இ.ஜி. (மூளையின் மின்பதிவு) எடுத்து, 'இடது பொட்டுப் பகுதியில் கூர் அலைகள்' என்று எழுதி, வலிப்பு மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அவன் வேன் ஓட்டிப் பிழைப்பவன். இது வலிப்புதானா?

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற இ.இ.ஜி. பணியாளர்:
அம்மா, முதலில் அந்தப் பதிவையே வாங்கி வையுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. முப்பதைத் தாண்டியவர்களுக்குத் தூக்கக் கலக்கத்தில், பொட்டுப் பகுதியில், வளைவு வளைவாக, தீங்கற்ற 'விக்கெட்' அலைகள் வருவதுண்டு. அவற்றில் ஒன்று தனியாக வந்துவிட்டால் கூர் அலை போலவே தெரியும். ஆனால் வலிப்பு அலைக்கு வருவதுபோல் அதைத் தொடர்ந்து மெதுவான அலை வராது, பின்னணி அலைகளின் ஓட்டமும் கலையாது. தலையில் எண்ணெய் இருந்து மின்முனை சரியாக ஒட்டாவிட்டாலும் ஊசி போல ஒரு கோடு எழும். அதனால்தான் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வோம், பாதிப் பேர் கேட்பதில்லை.

காட்பாடி, நரம்பியல் முதுநிலை மாணவர்:
அலை உண்மையாகவே வலிப்பு வகையைச் சேர்ந்ததாக இருந்தாலும் அது மட்டும் நோயாகாது. பிரிட்டிஷ் விமானப்படைப் பணிக்கு வந்த 13,658 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இ.இ.ஜி. எடுத்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், 69 பேருக்கு அத்தகைய அலைகள் இருந்தன. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 43 பேரில் ஒருவருக்கே பின்னர் வலிப்பு வந்தது. மறுபக்கம், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் பதிவு சரியாகவே இருக்கும். ஆகவே, விழுந்த விதத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். நீங்கள் சொல்வது மயக்கத்தையே ஒத்திருக்கிறது. மயக்கத்திலும் கை கால் வெட்டும். நாக்கின் ஓரத்தைக் கடித்தாரா? எழுந்த பின் வெகுநேரம் குழப்பம் இருந்ததா?

குடியாத்தம் வாசகி:
இரண்டும் இல்லை, ஐயா. அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

காட்பாடி, நரம்பியல் முதுநிலை மாணவர்:
நீங்களாக நிறுத்தாதீர்கள். பதிவுடன், அவர் விழுந்ததை நேரில் பார்த்தவரையும் அழைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். இதய மின்பதிவும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். மயக்கத்துக்கு இதயமும் காரணமாகலாம். அதுவரை வேன் சாவி உங்களிடமே இருக்கட்டும்.