பேர்ள் சப்ரூட்டீன்: 17 பேருக்கும் 2.28 கிலோ என்றே வருகிறது, உதவி தேவை

வட்டக்கச்சி வயல்:

வணக்கம். எங்கள் கமக்காரர் அமைப்பில் நான்தான் கணக்கு எழுதுகிறேன். காலபோக நெல் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வெட்டு மெசினில் இருந்து வரும் பச்சை நெல்லில் ஈரம் 18, 20 வீதம் நிற்கும். காயவிட்டு 14 வீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் விற்கலாம். அதனால் இன்றைய பச்சை நெல் காய்ந்தபின் எத்தனை கிலோ நிற்கும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறையை (100 - ஈரம்) ஆல் பெருக்கி, 86 ஆல் பிரித்தால் விடை வரும்.

இதைக் கல்குலேட்டரில் திரும்பத் திரும்பத் தட்டாமல் ஒரு சப்ரூட்டீனாக (பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய சிறு நிரல் துண்டாக) எழுதிவைக்கலாம் என்று பேர்ள் என்ற நிரல் மொழியைப் படிக்கத் தொடங்கி இரண்டு கிழமை ஆகிறது. புரோகிராம் ஓடுகிறது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் 17 பேருக்கும் 2.28 கிலோ என்றே காட்டுகிறது. மொத்தம் 4.56 என்கிறது. பிழைகளைப் பிடிக்க உதவும் ஸ்ட்ரிக்ட், வார்னிங்ஸ் இரண்டும் போட்டிருக்கிறேன். கணினியில் இருப்பது ஆங்கில எழுத்து, இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன் (மை என்பது புது மாறியை அறிவிக்கும் சொல்):

மை $மொத்தம் = 0;

சப் உலர்நிறை {
  மை $நிறை = @_;
  மை $ஈரம் = @_;
  $மொத்தம் = $நிறை * (100 - $ஈரம்) / 86;
  ரிட்டர்ன் $மொத்தம்;
}

கீழே ஒரு லூப்பில் ஒவ்வொருவருடைய நிறையையும் ஈரத்தையும் கொடுத்து, $விடை = உலர்நிறை($கிலோ, $வீதம்) என்று வாங்கி அச்சிடுகிறேன். பிறகு $மொத்தம் += $விடை. நாளைக் காலை ஆட்கள் வந்துவிடுவார்கள். எங்கே பிழை?

மாங்குளம் சந்தி:

@_ இல் இருந்து எடுக்கும் இரண்டு வரியையும் அழித்துவிட்டு, $_[0], $_[1] என்று நேரடியாகவே கணக்கில் போடுங்கள். வேலை முடிந்தது.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

தங்கச்சி, உங்கள் 2.28 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 2 ஐ 98 ஆல் பெருக்கி 86 ஆல் பிரித்துப் பாருங்கள், 2.279 வரும். அதாவது பேர்ள் உங்கள் நிறையை 2 கிலோ என்றும் ஈரத்தை 2 வீதம் என்றும் எடுத்திருக்கிறது. ஏன் 2? நீங்கள் கொடுத்த பெறுமதிகள் இரண்டு.

சப்ரூட்டீனுக்குக் கொடுப்பதெல்லாம் @_ என்ற வரிசையில் வந்து நிற்கும். ஆலை வாசலில் இறக்கிய சாக்குகள் மாதிரி. மை $நிறை = @_ என்று எழுதினால், இடது பக்கம் ஒற்றை மாறி நிற்பதால், பேர்ள் சாக்குகளை எண்ணி எத்தனை என்று மட்டும் சொல்லும். மை ($நிறை) = @_ என்று அடைப்புக்குறி போட்டால்தான் சாக்கை அவிழ்த்து உள்ளே இருப்பதைத் தரும். வரிசையை ஒற்றை மாறிக்குள் போட்டு எண்ணிக்கை வாங்குவது பேர்ளில் முறையான வேலைதான். அதனால்தான் வார்னிங்ஸும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வரியையும் எடுத்துவிட்டு இந்த ஒரு வரியைப் போடுங்கள்:

மை ($நிறை, $ஈரம்) = @_;

சாக்கை ஒவ்வொன்றாக எடுக்க விரும்பினால் மை $நிறை = ஷிஃப்ட்; அடுத்த வரியில் மை $ஈரம் = ஷிஃப்ட்; இதற்கு அடைப்புக்குறி வேண்டாம், ஷிஃப்ட் முன்னால் நிற்கும் ஒன்றைத்தான் எடுத்துத் தரும்.

மாங்குளம் தம்பி சொன்னதும் இந்தக் கணக்குக்குச் சரியான விடை தரும். ஆனால் $_[0] என்பது நகல் அல்ல, கொடுத்தவரின் மாறியேதான். யாராவது பின்னொரு நாள் உள்ளே $_[0] ஐ மாற்றி எழுதினால் வெளியே $கிலோவும் மாறிவிடும். ஆட்களின் நெல்லுக் கணக்கில் அந்த ஆபத்தை வைத்திருக்கக் கூடாது. பெயரிட்டு நகல் எடுப்பதுதான் நல்லது.

வட்டக்கச்சி வயல்:

சேர், மிக்க நன்றி. இப்போது விளங்குகிறது. நான் பார்த்துப் படித்த பழைய குறிப்பில் லோக்கல்($அ, $ஆ) = @_ என்று இருந்தது. இப்போது மை பாவிக்க வேண்டும் என்று எங்கோ வாசித்து, அதை மாற்றி இரண்டு வரியாகப் பிரித்தபோது அடைப்புக்குறி தேவையில்லை என்று நினைத்து எடுத்துவிட்டேன்.

மாமியின் நெல் 1240 கிலோ, ஈரம் 19. கல்குலேட்டரில் 1167.91, திரையிலும் 1167.91! ஆனால் மொத்தம் இன்னும் பிழை. கடைசி ஆளுக்கு 820 கிலோ, மொத்தம் 1640 என்கிறது. 17 பேருடைய நெல்லும் அவ்வளவு குறைவாக இருக்க முடியாது.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

அந்தக் குறிப்பு நல்ல பழையது. மை வந்ததே 1994 இல் வெளியான பேர்ள் 5 உடன்தான், அதற்கு முன்னர் லோக்கல்தான் இருந்தது.

1640 என்பது 820 இன் இரு மடங்கு. முதலில் சொன்ன 4.56 உம் 2.28 இன் இரு மடங்கே. 17 பேருக்கும் 2.28 என்றால்கூட 38 கிலோவுக்கு மேல் வந்திருக்க வேண்டும், அப்போதே இதையும் சொல்லியிருக்கலாம்.

சப்ரூட்டீனுக்குள் $மொத்தம் = என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதற்கு முன்னால் மை இல்லை. ஆகவே அது மேலே தொடக்கத்தில் நீங்கள் வைத்த அதே $மொத்தம்தான். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அதுவரை சேர்ந்ததை அழித்துவிட்டு, அந்த ஆளின் நிறையை எழுதிவிடுகிறது. பிறகு லூப் அதே நிறையை மேலே கூட்டுகிறது. 820 உம் 820 உம் 1640.

ஸ்ட்ரிக்ட் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். மேலே மை $மொத்தம் என்று அறிவித்திருப்பதால் அதற்குக் கீழே எங்கு பாவித்தாலும் ஸ்ட்ரிக்டுக்குச் சம்மதம். சப்ரூட்டீனை அந்த வரிக்கு மேலே வைத்திருந்தால் ஓடாமல் நின்று உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். அப்படி மேலே கொண்டுபோய் வையுங்கள். உள்ளே இருப்பதற்கு வேறு பெயரும் வையுங்கள்:

மை $உலர் = $நிறை * (100 - $ஈரம்) / 86;
ரிட்டர்ன் $உலர்;

மாங்குளம் சந்தி:

$_[0] மாறும் விடயம் எனக்குத் தெரியாது, இப்போது ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான். நன்றி சேர்.

தங்கச்சி, பேர்ள் 5.36 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் முதல் வரியில் யூஸ் வி5.36 என்று போட்டு, சப் உலர்நிறை ($நிறை, $ஈரம்) என்று தலைப்பிலேயே எழுதலாம். @_ வரியே தேவையில்லை. ஈரத்தைக் கொடுக்க மறந்தால் அங்கேயே நிறுத்திப் பிழை சொல்லும்.

வட்டக்கச்சி வயல்:

பார்த்தேன் அண்ணா, அமைப்பின் லப்டொப்பில் உபுண்டு 20.04, அதில் இருப்பது பேர்ள் 5.30. இப்போதைக்கு @_ உடனேயே இருக்கட்டும்.

சேர், சப்ரூட்டீனை மேலே தூக்கி வைத்து முதலில் பெயரை மாற்றாமல் ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே $மொத்தம் இருந்த வரியின் இலக்கத்தைச் சொல்லி நின்றுவிட்டது. பிறகு $உலர் என்று மாற்றினேன். அப்பா கொப்பியில் 17 பேரையும் கையால் கூட்டி வைத்திருந்தார், ஒரு கிலோவும் பிசகவில்லை. ஆளுக்கு ஒரு துண்டாக அச்சடித்து வைத்துவிட்டேன், காலையில் கொடுக்கலாம்.