லினக்ஸ் போட்டு வர்ற லேப்டாப் நிஜமாவே விக்குதா? விக்கறவங்க சொல்லுங்க
குரூப்ல லேப்டாப் விற்பனையில இருக்கறவங்க கொஞ்சம் உதவி பண்ணுங்க. நானும் அதே தொழில்தான், அடுத்த ஆர்டர்ல உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலா ஓடற லினக்ஸ்ல ஒரு வகை) போட்டே வர்ற மாடல் கொஞ்சம் எடுக்கலாமான்னு யோசிக்கறேன். 2025 அக்டோபர்ல விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னதுல இருந்து லினக்ஸ் பத்தி விசாரிக்கறவங்க வர்றாங்க, ஆனா விசாரிக்கறது வேற வாங்கறது வேறங்க.

குழப்பம் என்னன்னா, கணக்குல உபுண்டு மாடல் வித்துச்சுன்னு இருக்கும், ஆனா வாங்கறவரு விலை கம்மின்னு எடுத்துட்டு பில் போடறதுக்கு முன்னாடியே "அப்படியே விண்டோஸ் ஏத்தி குடுத்துடுங்க"ங்கறாரு, இதைப் போய் லினக்ஸுக்கு டிமாண்டுன்னு எப்படி எடுத்துக்கறது? 2007ல ஆசுஸ் ஈ பிசிங்கற நெட்புக் (குட்டி, விலை கம்மி லேப்டாப்) லினக்ஸோட வந்து நல்லாத்தான் வித்துச்சு, அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட் நெட்புக்குக்குன்னு விண்டோஸ் எக்ஸ்பியை சல்லிசா குடுக்கவும் லினக்ஸ் மாடலை மெல்ல ஓரங்கட்டிட்டாங்க. டெல் 2012ல எக்ஸ்பிஎஸ் 13ஐ டெவலப்பர் எடிஷன்னு லினக்ஸோட இறக்கினான், அது ப்ரோக்ராமர் கூட்டம், அவங்க என்ன வேணும்னு தெரிஞ்சே வர்றவங்க. எனக்கு சாதாரண ஆளுங்க கணக்குதான் வேணும்.

வாங்கிட்டுப் போனவங்க எதுக்காகத் திருப்பிக் கொண்டு வர்றாங்க? பிரிண்டரா, கைரேகை சென்சாரா, இல்ல எக்செல் எங்கன்னு தேடியா? டெமோ பீஸ்ல பிரவுசர், வீடியோ, எக்செல்-வேர்டுக்குப் பதிலா இருக்கற லிப்ரே ஆபீஸ்னு ஓட்டிக் காட்டினா மனசு மாறுறாங்களா? விண்டோஸ் ஏத்தச் சொல்றவங்களைத் தனியாக் குறிச்சு வைக்கறவங்க இருந்தா, தோராயமா பத்துல எத்தனை பேருன்னு சொன்னாக்கூட போதும்.