வேத வாசிப்பு அட்டவணை: இரண்டு விஷயத்தில் யோசனை தேவை

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வாலிபர் குழுவுக்கு வாசிப்பு அட்டவணை போடுகிறோம்.

முழு வேதாகமம் 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு ஓடும். ஆதியாகமம் கதையாகப் போய்விடும். யாத்திராகமம் 25-லிருந்து ஆசரிப்புக்கூடார அளவுகள், பிறகு லேவியராகமத்தின் பலிமுறைகள். அங்கேதான் பலர் நிற்கிறார்கள். இரண்டு நாள் தவறினால் ஏழு அதிகாரம் பாக்கி. அந்தக் கூச்சத்திலேயே புத்தகம் மூடிவிடும்.

அதனால் புதிய ஏற்பாடு மட்டும்: 260 அதிகாரங்கள், வாரம் 5 நாள், 52 வாரத்துக்குச் சரியாக வருகிறது. சனிக்கிழமை பாக்கிக்கு. வாசித்ததும் அன்றைக்கே முடிக்கும் ஒரு காரியத்தை எழுத வேண்டும். "எல்லாரிடமும் அன்பாயிருப்பேன்" என்றால் நடக்காது. "மதியம் சித்தப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்பேன்" என்றால் நடக்கும். "ஆவியிலே அனலாயிருங்கள்" என்ற ரோமர் 12:11-க்கு இரண்டு வசனம் தள்ளி, குறைவுள்ளவர்களுக்கு உதவுவதும் அந்நியரை உபசரிப்பதும்தானே வருகிறது? அனல் பாட்டுச் சத்தத்தில் மட்டும் இருந்தால் திங்கட்கிழமை தாங்காது.

இனி கேள்வி. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு அதிகாலை ஜெபம் ஒத்துவராது. வேலைக்குக் கிளம்புமுன் வைப்பதா, வந்து தூங்குமுன் வைப்பதா? அடுத்தது, வாட்ஸ்அப்பில் டிக் போடச் சொன்னால் அது வருகைப்பதிவேடாகிவிடுகிறது, தவறவிட்டவர் சத்தமில்லாமல் விலகுகிறார். இருவர் இருவராகப் பிரித்து நடத்தியவர்கள் உண்டா? ஜோடியை எப்போது மாற்றினீர்கள், வாரம் ஒருமுறை பேசும்போது என்ன கேட்கச் சொன்னீர்கள்?